பாட்டுப்படமும் பாடுபட்டோர் பெயரும்

மாலையில் ஆபீசு வேலை முடிந்து, செக்ரோல் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, லயத்துப் பக்கமாக நாம் நடந்துபோவதுண்டு. வாசல்தோறும் இளைஞர் கூடியிருப்பர். அவர்தம் கைபேசிகளில் சிறுசிறு பாட்டுப்படங்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றில் ஒருவர் காரட்டைத் துளைத்துக் குழலாக்கி ஊதுவார். மற்றொன்றில் ஒரு பெண் கண்ணாடிக் கோப்பைகளில் அளவாய் நீர் வார்த்து, விளிம்பை விரலால் தேய்த்து இன்னொலி எழுப்புவாள். பிறிதொன்றில் ஒரு சிறுவன் தகரத்தையும் வாளியையும் தட்டி மேளக்காரரையும் நாணச்செய்வான். ஒருவர் கண்டு நகைப்பார். உடனே பத்துப் பேருக்கு அனுப்புவார். பத்துப் பேர் நூறு பேருக்கு அனுப்புவர்.

இவையெல்லாம் வீண்பொழுது என்று இகழும் பெரியோர் நம்மிடையே உளர். நாம் அக்கட்சியினர் அல்லோம். காரட்டைக் குழலாக்குதல் வெறுங் கோமாளித்தனமாகாது. ஆஸ்திரியா நாட்டு வியன்னா நகரில் 1998-ம் ஆண்டில் தோன்றிய காய்கறி இசைக்குழுவினர், பச்சைக் காய்களையே குடைந்தும் செதுக்கியும் கருவிகளாக்கிக் கச்சேரி செய்கின்றனர். கச்சேரி முடிவில் வந்தோர்க்குக் காய்கறி சூப்பு வழங்குவதும் அவர் வழக்கம். முதன்முதல் மூங்கிலைத் துளைத்தவனையும் அயலார் நகைத்தே இருப்பர். புதுமையென்பது முதலில் வேடிக்கையாகத் தோன்றிப் பின்னரே கலையெனப் பெயர் பெறும். ஆதலின், இவற்றைப் பார்க்கலாமா கூடாதா என்பதன்று நம் வினா. பார்த்து மகிழ்ந்து பிறர்க்கும் வழங்கும் நாம், இதனை ஆக்கியவர் யாவர் என்று ஒருமுறையேனும் கேட்டதுண்டா என்பதே வினா. விடை காண, பாட்டுப்படம் நடந்துவந்த வழியைச் சிறிது நோக்குவோம்.

பாட்டுப்படம் கைபேசியோடு பிறந்ததன்று. 1894-ம் ஆண்டின் பிற்பகுதியிலோ 1895-ன் தொடக்கத்திலோ, அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாகாணத்து வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரில், எடிசனுடைய படக்கூடத்தில் ஒரு சிறு படம் பிடிக்கப்பெற்றது. எடிசனிடம் வேலை பார்த்த வில்லியம் டிக்சன் என்பார் அதனை உருவாக்கினார். ஒலியைப் பதிவுசெய்யும் பெரியதொரு கூம்பின் முன் ஒருவர் நின்று வயலின் வாசிக்கிறார். அவர் டிக்சனே என்று கருதப்படுகிறது. பக்கத்தில் இரண்டு ஆடவர் ஒருவரையொருவர் பற்றிச் சுழன்று ஆடுகின்றனர். படம் முழுவதும் அரை நிமிஷத்துக்கும் குறைவே. இன்று லயத்து வாசலில் ஓடும் விசித்திரப் படங்களுக்கெல்லாம் இதுவே பாட்டன் எனலாம்.

அப்படத்தில் உருவம் பிலிமிலும் ஒலி மெழுகுருளையிலும் தனித்தனியே பதிவாயின. காலப்போக்கில் இரண்டும் பிரிந்தன. பிலிம் ஓரிடத்தில் இருக்க, உருளை உடைந்த நிலையில் வேறிடத்திற் கிடந்தது. 2000-ம் ஆண்டில்தான் வால்டர் மர்ச் என்னும் திரைப்பட ஒலிக்கலைஞர் முதலியோர் முயற்சியால் ஒலியும் உருவமும் மீண்டும் ஒன்றுசேர்ந்தன. வாசித்த பாட்டு இன்னதென்று தெரியும்; பிரெஞ்சு இசைவாணர் பிளாங்கெட் இயற்றிய இசைநாடகத்தில் உள்ளது அது. படக்கூடத்தின் உரிமையாளர் பெயர் தெரியும். படத்தைப் பொருத்திக்கொடுத்தவர் பெயரும் தெரியும். கை கோத்து ஆடினார்களே, அவ்விருவர் பெயர் மட்டும் நமக்கு வந்து சேரவில்லை. நூறாண்டுக்கு மேலாக அவர்கள் ஆடிக்கொண்டே இருக்கிறார்கள், பெயரின்றி! முதற் படத்திலேயே பெயர் உதிர்ந்துவிட்டது என்பதை வாசகர்கள் நினைவில் வைப்பார்களாக.

நிற்க. 1940-ம் ஆண்டில், சிக்காகோ நகரத்து மில்ஸ் கம்பெனியார் 'பானொராம்' என்னும் பெட்டியொன்றை வெளியிட்டனர். உணவுச்சாலையிலும் மதுக்கடையிலும் அலமாரிபோல் அது நிற்கும். பத்து சென்டு காசைப் போட்டால் முகப்பிலுள்ள திரையில் மூன்று நிமிஷம் ஒரு பாட்டுப்படம் ஓடும். ஒரு சுருளில் எட்டுப் படங்கள்; விரும்பியதைத் தேர்ந்தெடுக்க இயலாது; வரிசையில் அடுத்தது எதுவோ அதையே பார்க்கவேண்டும். டியூக் எல்லிங்டன், ஃபாட்ஸ் வாலர் போன்ற கருப்பின இசைவாணர், பெரிய சினிமாக் கம்பெனிகள் தமக்குத் தாராளமாக இடந்தராத அந்நாளில், இப்பெட்டியில் தோன்றினர். படத்தின் தொடக்கத்தில் பாட்டின் பெயரும் பாடுவோர் பெயரும் எழுத்தில் வரும். பத்து சென்டுப் பெட்டிக்கும் அம்மட்டில் ஒரு நேர்மை இருந்தது. அப்பெட்டி 1940-களோடு மறைந்தது. 1960-ல் பிரான்சு நாட்டில் வண்ணப்படம் காட்டும் ஸ்கோப்பிடோன் பெட்டி தோன்றி, அதுவும் சில ஆண்டுகளில் ஓய்ந்தது.

1981-ம் ஆண்டு ஆகஸ்டு முதல்நாள், இரவும் பகலும் பாட்டுப்படங்களையே காட்டும் எம்டிவி என்னும் தொலைக்காட்சி அமெரிக்காவில் தொடங்கிற்று. அதில் ஒவ்வொரு படத்தின் முதலிலும் முடிவிலும், திரையின் கீழ்மூலையில், பாடுவோர் பெயரும் பாட்டின் பெயரும் இசைத்தட்டுக் கம்பெனியின் பெயரும் எழுதிக் காட்டுவர். படத்தை இயக்கியவர் பெயரோ 1992-ல்தான் அங்கு ஏறிற்று. பத்தாண்டுக்கு மேலாக, கண்ணுக்கு விருந்து படைத்தவன் பெயரின்றியே உழைத்தான் என்க. ஆயினும் இறுதியில் அப்பெயர் ஏறியது எதனைக் காட்டுகிறது? இடமில்லாமையன்று, எண்ணமில்லாமையே பெயரைத் தள்ளிவைத்தது என்பதைக் காட்டுகிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2005-ம் ஆண்டில் யூடியூப் தோன்றிய பின், பெட்டியும் வேண்டாம், நிலையமும் வேண்டாம், கைப்படக்கருவி ஒன்றே போதும் என்றாயிற்று. 2006-ம் ஆண்டு ஜூலை இறுதியில் 'ஓகே கோ' என்னும் அமெரிக்கக் குழுவினர் ஒரு படத்தை அதில் ஏற்றினர். தேகப்பயிற்சிக்காகக் கால் ஓட்டும் இயந்திரங்கள் எட்டு. அவற்றின்மேல் நால்வர் வழுக்கியும் தாவியும் எதிரெதிர் நகர்ந்தும் ஆடுகின்றனர். வெட்டு ஒட்டு இன்றி ஒரே ஓட்டத்தில் எடுத்த படம் அது. ஆட்டத்தை அமைத்தவர் பாடகரின் தமக்கையார் டிரிஷ் சீ. அவர் பெயர் மறைக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு அப்படம் கிராமி விருது பெற்றது.

இப்படத்தால் நாம் அறியவேண்டிய பாடம் வேறொன்றும் உண்டு. பிற்காலத்தில் அக்குழுவின் இசைத்தட்டுக் கம்பெனி, பிறர் தத்தம் பக்கங்களில் அப்படத்தைப் பதித்துக் காட்டும் வசதியைத் தடுத்தது. நாளொன்றுக்குச் சுமார் 10,000 முறை பார்க்கப்பட்ட படம், ஆயிரத்துச் சொச்சமாகக் குறைந்துவிட்டதென்று அக்குழுவின் பாடகர் டேமியன் குலாஷ் 2010-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் எழுதினார். கைம்மாறிக் கைம்மாறிச் செல்வதே இவ்வகைக் கலைக்கு உயிர்மூச்சு. அதனைத் தடுத்தால் கம்பெனிக்கும் நட்டம், கலைஞனுக்கும் நட்டம். ஆகவே அனுப்பாதீர் என்று நாம் சொல்லவரவில்லை. அனுப்புங்கள் என்றே சொல்கிறோம். எப்படி அனுப்புவது என்பதற்கும் ஒருவர் வழிகாட்டியுள்ளார்.

இஸ்ரேல் நாட்டு இசைவாணர் ஓஃபிர் கூட்டியேல் என்பார், 'கூட்டிமான்' என்ற பெயரால் அறியப்படுபவர். யூடியூபில் முகமறியாதார் ஏற்றிவைத்த படங்களை அவர் திரட்டினார். ஓரிடத்தில் ஒருவர் தம் அறையில் மத்தளம் பழகுகிறார். வேறோரிடத்தில் ஒருவர் எக்காளம் ஊதுகிறார். இன்னோரிடத்தில் ஒரு பெண் தனியே பாடுகிறாள். ஒருவரை ஒருவர் அறியார். இவற்றினின்று துண்டு துண்டாக எடுத்து இணைத்து, ஒரே மேடையில் அனைவரும் கூடி வாசித்தாற்போன்ற புதுப்பாட்டுகளை ஆக்கி, 2009 மார்ச்சில் வெளியிட்டார். வேலை விந்தையானது. ஆனால் நம் நெஞ்சைத் தொட்டது வேறு. எந்தத் துண்டு யாருடைய படத்திலிருந்து எடுக்கப்பட்டதென்று ஒவ்வொரு பாட்டுக்கும் பட்டியல் கொடுத்திருந்தார். முழுப்பாட்டைக் கேட்டவர், அப்பட்டியலைப் பிடித்துக்கொண்டே மூலவரிடம் போய்ச் சேரலாம்.

அவ்வாறு போய்ச் சேர்ந்ததால் விளைந்த நன்மையொன்றும் உண்டு. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்சு நகரில், முதியோரைப் பேணும் வேலை செய்துகொண்டே, தாமியற்றிய பாட்டுகளைச் சிலரே பார்க்கப் பாடி ஏற்றிவந்தார் 'பிரின்செஸ் ஷா' என்னும் பெண்மணி. 2014-ல் கூட்டிமான் அவர் குரலை எடுத்து இசை சேர்த்து வெளியிட்டார். வெளிவந்த பின்னரே அப்பெண்மணிக்கும் செய்தி தெரிந்தது. பெயர் உடன்சென்றமையால் உலகம் அவரைத் தேடிவந்தது. 2015-ல் அவரைப்பற்றி ஒரு முழுநீளப் படமே வெளியாயிற்று. பெயரில்லாது அக்குரல் மட்டும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாரோ ஒரு பெண் பாடுகிறாள் என்று கேட்டு, அடுத்ததைப் பார்க்கப் போயிருப்போம்.

தோட்டத்துத் தமிழராகிய நமக்கு இன்னும் நெருங்கிய சான்றொன்று உண்டு. 2021-ம் ஆண்டு மார்ச்சு 7-ம் நாள் 'எஞ்சாய் எஞ்சாமி' என்னும் பாட்டுப்படம் வெளிவந்தது. சந்தோஷ் நாராயணன் இசை வெளிப்பாட்டில் தீயும் அறிவும் பாடினர், சொற்கள் அறிவுடையவை. அறிவின் பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். அம்மூதாட்டி சொல்லக் கேட்டவற்றிலிருந்தே பாட்டு பிறந்ததாக அறிவு கூறினார். மூதாட்டியாரும் அப்படத்தில் தோன்றுகிறார். இலங்கையில் 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் மலைத்தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியதும், 1964-ம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்ததும் சரித்திரம். நாட்டை மாற்றுவோர் எண்ணிக்கையைத்தான் எழுதினர், பெயரை எழுதவில்லை. அத்தகைய கூட்டத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டியின் முகம் பாட்டிலேறி உலகத்தைச் சுற்றிற்று.

அப்பாட்டுக்கும் பெயர்ப்பூசல் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டைப்படத்தில் தீயும் மற்றொரு பாடகரும் இருக்க, அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் முதலியோர் வெளிப்படையாகக் கேட்டனர். பின்னர் அறிவுக்கும் அப்பத்திரிகை தனியே ஓர் அட்டை வெளியிட்டது. ஒருவர் உழைப்பு எவ்வளவு, மற்றவர் உழைப்பு எவ்வளவு என்று அளந்து தீர்ப்புச் சொல்ல நாம் நீதிபதிகள் அல்லோம். ஆனால் கேட்டதனால்தான் பெயர் வந்தது என்பதை மட்டும் குறித்துவைக்கிறோம்.

இத்துணையும் எழுதிய நாம் குற்றமற்றவரோ? இல்லை. சில மாதங்களுக்கு முன் நம் தோட்டத்து இளைஞர் நால்வர், பழைய பால் வாளிகளையும் மங்குகளையும், செம்பனைக் குலை அறுக்கும் நீண்ட கழியையும் தாளக்கருவிகளாக்கி ஒரு பாட்டுப் பண்ணினர். நடுவில், இங்கு ரப்பர் இருந்த காலத்தில் பால்மரம் வெட்டிய பாட்டியார் ஒருவர், தாம் வேலைக்காட்டில் பாடிய மெட்டைப் பாடினார். கண்டு மகிழ்ந்த நாம், வேறொரு தோட்டத்துக் கிராணியாருக்கு அனுப்பினோம். பெயரொன்றும் எழுதவில்லை. ஆறு வாரங் கழித்து அதே படம் வேறு ஊர்களைச் சுற்றி நம் கைபேசிக்கே திரும்பிவந்தது. மேலே எவரோ ஒருவருடைய முத்திரை. கீழே 'கிழவியின் கூத்து' என்று தலைப்பு. ஆயிரக்கணக்கானோர் பார்த்திருந்தனர். அந்தப் பாட்டியாரிடம் காட்டினோம். முழுதும் பார்த்தார், சிரித்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "பாட்டு வந்திடுச்சு. பேரு வரலியே, ஐயா?"

நமக்கு மறுமொழி எழவில்லை. செக்ரோலில் ஒருவர் பெயர் விடுபட்டால் அவருடைய ஒருநாட் கூலி விடுபடும் என்பது, இத்தொழிலில் சேர்ந்த முதல்நாளே நமக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம். அதனால்தான் பிரட்டு நேரத்தில் ஒவ்வொரு பெயரையும் இருமுறை சரிபார்க்கிறோம். அவ்வளவு கவனமுள்ள கை, பாட்டை அனுப்பும்போது பெயரை எழுத ஏன் மறந்தது? அதனை வேலையென்று நாம் எண்ணாததே காரணம். பாட்டியார் பாடியதை வேடிக்கையென்றே எண்ணினோம். வேடிக்கைக்குக் கூலி ஏது, பெயர் ஏது என்று நம்மையறியாமலே தீர்த்துவிட்டோம். வீண்பொழுது என்று இகழ்ந்த பெரியோருக்கும் நமக்கும் அன்று வேற்றுமை இல்லாமற் போயிற்று.

ஆதலின் அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. நல்ல பாட்டுப்படத்தைக் கண்டால் தாராளமாய் அனுப்புங்கள். அனுப்புமுன் ஒரு வரி எழுதுங்கள்: பாடியவர் இன்னார், தட்டியவர் இன்னார், ஊர் இன்னது. தெரியாவிடில் அனுப்பியவரைக் கேளுங்கள். ஒருவர் அறியாவிட்டால் அவருக்கு அனுப்பியவர் அறிவார். நம் தோட்டங்களில் எடுக்கும் படங்களுக்கோ, எடுக்கும்போதே பெயரைப் படத்துக்குள் பதித்துவிடுங்கள், கைம்மாறினாலும் உதிராது.

அன்றிரவே நாமும் அப்படத்தை எடுத்து, ஐவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் முகப்பில் எழுதி, முன்னம் அனுப்பிய நண்பருக்கு மறுபடியும் அனுப்பினோம். பழையதை எட்டிப்பிடிக்க அது ஓடுமோ ஓடாதோ, அறியோம். மறுநாட் காலையில் பாட்டியாரிடம் காட்டியபோது, எழுத்துக்கூட்டித் தம் பெயரைப் படித்தார். பிறகு, "இப்பச் சரி" என்றார்.