விலக்க முடிகிற மருந்து: கண்டிப் பகுதியில் டெஸ்டோஸ்டிரோன் ஈடுசெய் சிகிச்சை

டெஸ்டோஸ்டிரோன் குறைந்த ஆணுக்கு அதை எந்த வடிவில் கொடுப்பது என்பதைப் பாடநூல்கள் மருந்தின் பக்கமிருந்தே பேசுகின்றன. குருதியில் எத்தனை நாள் நிற்கும், மட்டம் எவ்வளவு சீராக இருக்கும் என்பது அவற்றின் கணக்கு. கண்டி நகரையும் கலஹா, ஹந்தானை, புசல்லாவைத் தோட்டங்களையும் மனத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொரு கேள்வி முந்திக்கொள்கிறது: பக்கவிளைவு தலைகாட்டினால் இந்த மருந்து உடலை விட்டுப் போக எத்தனை நாளாகும்? முதல் வருடத்துக்கு, சீக்கிரம் விலகும் மருந்தே ஏற்றது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சிகிச்சை தெளிவாகத் தேவைப்படுவோர் உண்டு. குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது. அங்கு தலசீமியாவுக்காகத் திரும்பத் திரும்பக் குருதி ஏற்றப்படும் பையன்களுக்கு இரும்பு கபச்சுரப்பியில் படிகிறது. விதைகளுக்குப் போகவேண்டிய கட்டளை நின்றுவிடுகிறது. பதினாறு வயதிலும் குரல் உடையாது, மீசை அரும்பாது. கூகைக்கட்டு விதைகளில் இறங்கிக் கெடுத்தவர்களும், பிறவியிலேயே ஒரு எக்ஸ் நிறமூர்த்தம் கூடுதலாக உள்ள கிளைன்ஃபெல்டர் ஆண்களும் இந்த வரிசைதான். ஐம்பதைத் தாண்டி, சீனி வருத்தமும் தொந்தியும் சேர்ந்து, “உடம்பில பெலனில்ல டொக்டர்” என்று வருபவரிடத்தில்தான் சிக்கல். காலையில், வெறும் வயிற்றில், வெவ்வேறு இரு நாட்கள் குருதி பார்க்காமல் அவருக்குக் குறைபாடு என்று எழுதக்கூடாது. தேயிலைத் தொழிற்சாலையில் நள்ளிரவுக்கு மேல் ரோலர் ஓடும். கொழுந்து அரைத்த கையோடு முதல் பஸ் பிடித்து வந்து அந்தக் கையை நீட்டுபவருக்கு அது காலையல்ல, நாளின் முடிவு. இந்த ஹோமோன் கடிகாரத்தைவிட உறக்கத்தையே பின்பற்றுகிறது.

இன்னொருவரும் வருகிறார். கல்யாணமாகி நாலு வருடம், “இன்னும் ஒண்டும் இல்லையா?” என்ற கேள்வி துரத்த வருபவர். ஆண்மைக்கான ஹோமோன் என்ற பெயரே அவரை ஏமாற்றுகிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் கபச்சுரப்பி தன் வேலையை நிறுத்துகிறது, விந்தணு உற்பத்தி விழுகிறது. உலக சுகாதார நிறுவனம் இதை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்தது. 1990இல் வெளியான அந்த ஆய்வில், வாரம் 200 மில்லிகிராம் எனந்தேட் ஊசி போட்டுக்கொண்ட 271 பேரில் 157 பேருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு அறவே இல்லாமற்போனது. பிள்ளை வேண்டுமென்று வந்தவருக்குக் கருத்தடையைக் கொடுப்பதைப் பக்கவிளைவு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அது மருத்துவப் பிழை. கட்டளை நின்றதுதான் காரணமென்றால் அவருக்கு உரியது, அந்தக் கட்டளையின் இடத்தில் நின்று விதைகளைத் தூண்டும் எச்.சி.ஜி. ஊசி.

சீக்கிரம் விலகும் மருந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஜெல். தடவுவதை நிறுத்தினால் சில நாளில் மட்டம் இறங்கிவிடும். 2023இல் வெளியான டிராவெர்ஸ் ஆய்விலும் பயன்பட்டது ஜெல்தான். இதயநோய் அபாயம் கொண்ட 5,200க்கு மேற்பட்ட ஆண்களில், பெரிய இதய நிகழ்வுகள் மருந்துக் குழுவில் 7.0 வீதம், போலிமருந்துக் குழுவில் 7.3 வீதம். ஆனால் சீரற்ற இதயத்துடிப்பும் நுரையீரலில் குருதிக்கட்டியும் மருந்துக் குழுவிலேயே கூடுதலாக இருந்தன. பெரிய இதய நிகழ்வுகள் கூடவில்லை என்ற ஆறுதலை ஊசிக்கும் நீட்டுவோர் உண்டு. ஆய்வு அதற்கு இடம் தரவில்லை. ஜெல்லுக்கோ வேறொரு தடை, வீடு. லயன் அறையில் மாலை வேளையில் சாரத்தோடு வெறும் மேலாக உட்கார்ந்திருக்கும் தகப்பனின் தோளில் பிள்ளை தொங்கும். அந்தத் தோளில்தான் ஜெல் பூசப்பட்டிருக்கிறது. தோல்வழி ஒட்டிய மருந்தால் சிறு பிள்ளைகளுக்கு அந்தரங்க முடி முளைத்த நிகழ்வுகளைக் கண்டு, அமெரிக்க மருந்து நிர்வாகம் 2009இல் கட்டமிட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. கழுவு, மூடு என்று அறிவுரை சொல்லலாம்தான். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் அது எத்தனை நாள் நிற்கும்?

ஆகவே ஊசி. குறுகியகால வகை, நான்கு டெஸ்டோஸ்டிரோன் எஸ்டர்கள் கலந்த 250 மில்லிகிராம் ஊசி; மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடப்படுவது. முதல் நாட்களில் உச்சம், கடைசி நாட்களில் தளர்ச்சி. வீட்டில் எரிந்து விழுகிறார் என்று மனைவிதான் முதலில் சொல்வார். அளவைப் பிரித்து அடிக்கடி போட்டால் அது பெரும்பாலும் அடங்கும். கடலையெண்ணெயில் கரைத்த மருந்து என்பதால் கடலை ஒவ்வாமையை விசாரிக்க வேண்டும். நீண்டகால அன்டெகனோயேட் ஊசியோ 4 மில்லிலீற்றர் ஆமணக்கெண்ணெயில் 1,000 மில்லிகிராம். இரண்டாவது ஊசி ஆறு வாரத்தில், பிறகு 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று. வருடத்துக்கு நாலைந்து பயணம் போதும் என்பது தோட்டத்தவருக்குச் சிறிய சலுகையல்ல. அதை மறுக்கவில்லை. ஆனால் செங்கலங்கள் பெருகிக் குருதி தடித்து, குருதியில் செங்கலங்களின் பங்கைக் காட்டும் ஹீமடோக்கிரிட் 54 வீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும். தசைக்குள் இறங்கிவிட்ட எண்ணெயை யாரால் திரும்ப எடுக்க முடியும்?

முதல் வருடம் குறுகியகால ஊசி, அதுவும் அருகிலுள்ள மாவட்ட வைத்தியசாலையிலேயே. மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் ஹீமடோக்கிரிட். நாற்பது தாண்டியவருக்குப் புரொஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. சோதனையும். உடல் இதை ஏற்கிறது என்று தெரிந்த பிறகு பேராதனைக்கோ கண்டிக்கோ வந்து நீண்டகால ஊசிக்கு மாறலாம். அப்போதும் ஊசி நாளன்று முதலில் குருதி எடுக்கவேண்டும். முழுக் குருதி எண்ணிக்கை இயந்திரத்தில் பார்க்கும் வேலை, நேரமாகாது. அந்த எண் கிளினிக் கொப்பியில் ஏறும்வரை மருந்துக் குப்பி உடைபடாமல் இருக்கட்டும்.