பொதுத் தலைப்புக் கோப்புகள்

பல சி நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் செயற்கூறு அறிவிப்புகள், தரவு அமைப்புகள், மாறிலிகள் ஆகியவற்றைக் கொண்டது பொதுத் தலைப்புக் கோப்பு. 'இன்க்ளூட்' என்று கேட்கும் ஒவ்வொரு மூலக் கோப்பிலும் முன்செயலி அதன் உள்ளடக்கத்தை அப்படியே சேர்த்துவிடும். எனவே பகிர வேண்டியதை மட்டுமே பகிர்வதுதான் சரியான முறை. லினக்ஸ் கர்னல் இதற்குத் தக்க சான்று. கர்னலுக்கு மட்டுமான வரிகளும் பயனர் நிரல்களுக்கான வரிகளும் அதில் நெடுங்காலம் ஒரே கோப்பில் கலந்திருந்தன. இடையிட்ட நிபந்தனை வரிகளே அவற்றைப் பிரித்தன. கர்னல் நிரலாளர் டேவிட் ஹவெல்ஸ் முன்னெடுத்த மாற்றம் 2012 டிசம்பரில் வெளியான 3.7 பதிப்பில் இடம்பெற்றபோது, பயனர் நிரல்களுக்கான அறிவிப்புகள் 'யுஏபிஐ' என்ற தனி அடைவுகளுக்குச் சென்றன. அங்கே ஒரு வரி மாறினாலும், அது வெளி நிரல்களைத் தொடக்கூடியது என்பது சீராய்வாளருக்கு உடனே தெரிகிறது.

இப்படிப் பிரித்தால், கர்னலுக்கான உள் கோப்பு, பயனருக்கான பொதுக் கோப்பு என ஒரே பெயரில் இரு கோப்புகள் இருப்பது குழப்பம் தரும் என்பது நியாயமான மறுப்பே. ஆனால் உள் கோப்பு பொதுக் கோப்பை இன்க்ளூட் செய்துகொள்வதால் எந்த வரையறையும் இரட்டிப்பதில்லை. ஒவ்வொரு நிரலுக்கும் தனி நகல் வைப்பதோ பேராபத்து: ஒரு நகலில் 4 பைட்டாக உள்ள புலம் இன்னொன்றில் 8 பைட்டாக மாறினால், இரண்டும் பிழையின்றித் தொகுக்கப்படும், தரவு மட்டும் சிதையும். பொது வரையறைக்கு ஒரே இடம், உள் விவரத்துக்கு வேறிடம் என்ற ஒழுங்கே இதைத் தடுக்கும்.