நகாஷிமாவின் தச்சு: புதுச்சேரியிலிருந்து நியூ ஹோப் வரை

இருபதாம் நூற்றாண்டின் அறைகலன் வடிவமைப்பில் மரபுக் கைவினையை நவீன வடிவத்தோடு இணைத்தவர்களைப் பற்றிய நூல்களில் ஜார்ஜ் நகாஷிமாவுக்கு (1905–1990) எப்போதும் இடமுண்டு. ஆனால் பெயரை வைத்தே, ஜப்பானியத் தச்சு அவருக்குப் பிறப்பிலேயே வாய்த்த சொத்து என்று கருதிவிடுவோர் பலர். அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்து, முதலில் காட்டியல் படித்துப் பின்னர் கட்டடக்கலைக்கு மாறி, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற அவர், மரவேலையையே தொழிலாகக் கொண்டபோது முப்பது வயதைக் கடந்திருந்தார்.

1934-இல் டோக்கியோவில், செக் நாட்டில் பிறந்த கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் அவர் சேர்ந்தார். அரவிந்தர் ஆசிரமத்தினர் தங்குவதற்கான விடுதி ஒன்றைக் கட்டும் பணி ரேமண்டிடம் ஒப்படைக்கப்பட்டிருந்ததால், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு 1937-இல் நகாஷிமா அனுப்பப்பட்டார். ஹைதராபாத் நிஜாம் அரசின் நிதியுதவியை நினைவுகூர்ந்து ‘கோல்கொண்டா’ எனப் பெயரிடப்பட்ட அக்கட்டடம், இந்தியாவில் வலுவூட்டிய கான்கிரீட்டால் எழுந்த தொடக்ககால நவீனக் கட்டடங்களுள் ஒன்று. கண்ணாடிச் சன்னல்களுக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய சாய்வுப் பலகைகளை முகப்பு முழுவதும் அடுக்கியதும், காற்று நுழைய இடைவெளி விட்ட தேக்குச் சட்டங்களால் அறைகளின் நகர்வுக் கதவுகளை அமைத்ததும், புதுச்சேரியின் வெயிலையும் புழுக்கத்தையும் கணக்கில் கொண்டு செய்யப்பட்டவை. அறைகளுக்கான தேக்கு அறைகலன்களை வடிவமைக்கும் பொறுப்பு நகாஷிமாவுக்கு வந்தது. ஊதியத்தை மறுத்து ஆசிரமத்தில் சேர்ந்த அவருக்கு அரவிந்தர் ‘சுந்தரானந்தா’ என்ற பெயரைச் சூட்டினார். கூலியாட்களோடு ஆசிரமவாசிகளும் சேர்ந்து உழைத்த அந்தக் கட்டுமானத்தில், ஆசிரமத்தார் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கியே கதவுக்கான பிடிகளும் கீல்களும் வார்க்கப்பட்டன என்பது, வேலை எவ்வளவு பொறுமையாக நடந்தது என்பதற்குப் போதிய சான்று. பிற்காலத்தில் அவர் வலியுறுத்திய, வேலையையே வழிபாடாகக் கருதும் மனப்பாங்கு இங்கு வேர்கொண்டதாகக் கொள்வதே பொருத்தம். அதை ஜென் மரபோடு மட்டும் முடிச்சுப்போடும் வழக்கம் வரலாற்றின் ஒரு பாதியை மறைத்துவிடுகிறது.

1939-இல் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்ட அவர், 1942-இல், போர்க்கால அச்சத்தில் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு கூட்டமாக அடைத்து வைத்தபோது, மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோ மாநிலத்து மினிடோக்கா முகாமில் அடைபட்டார். மரபுவழித் தச்சில் தேர்ந்த ஜென்டாரோ ஹிகோகவா என்பவரை அங்கே சந்தித்து, முகாமில் கிடைத்த துண்டுத்துணுக்கு மரங்களையும் பாலைநிலப் புதர்க்கட்டைகளையும் கொண்டு, ஜப்பானியக் கைக்கருவிகளையும் மூட்டு முறைகளையும் அவரிடம் நுணுக்கமாகப் பயின்றார். ஜப்பானில் வாழ்ந்த ஆண்டுகளில் கண்ணால் கண்டது கைக்குப் படிந்தது அமெரிக்க முள்வேலிக்குள் என்பது இவ்வரலாற்றின் கசப்பான முரண்.

அவருடைய பணியின் அடையாளமாகிவிட்ட வண்ணத்துப்பூச்சி ஆப்பு, இரு முனையும் அகன்று இடை ஒடுங்கிய சிறு கட்டை. பலகையில் வெடிப்பு ஓடும் இடத்தில், அதற்குக் குறுக்காக, ஆப்பின் வடிவத்திலேயே உளியால் குழி எடுத்து அதை இறுக அடித்து இறக்குவர். வெடிப்பு மேலும் விரிய முயன்றால் அகன்ற முனைகள் இருபுறத்தையும் பற்றிக்கொள்ளும். ஆப்பின் நாரோட்டம் வெடிப்பைக் குறுக்கிட்டே செல்லவேண்டும். வெடிப்புக்கு இணையாகச் சென்றால் ஒடுங்கிய இடையிலேயே பிளந்துபோகும். மற்ற தச்சர்கள் கழித்துப்போடும் வெடித்த பலகையை மேசையின் முகமாக்கி, பழுதை மறைக்காமல், ஆப்பையும் கண்ணில் படும்படி விட்டதே நகாஷிமா செய்த புதுமை.

ரேமண்ட் பொறுப்பேற்றதால் 1943-இல் முகாமிலிருந்து விடுபட்டு, பென்சில்வேனியாவின் நியூ ஹோப் பகுதியில் குடியேறிய அவர், அங்கே பட்டறை அமைத்தார். முழு மரமாக வாங்கி, எந்தப் பக்கம் வாளை ஓட்டினால் எந்த ரேகை வெளிப்படும் என்று அறுப்பின்போதே உடனிருந்து முடிவு செய்து, பலகைகளை ஆண்டுக்கணக்கில் உலரவிட்டு, பட்டை நீங்கிய இயற்கையான விளிம்பைச் சீவாமல் வைத்துக்கொள்வது அவரது முறை. இன்று அதே விளிம்பைப் போலி செய்து, பிளவில் நிறமூட்டிய பிசினை ஊற்றி விற்கப்படும் மேசைகளில் அந்தக் காத்திருப்பும் இல்லை, அறுப்பவரின் தீர்மானமும் இல்லை.

1964-இல் அகமதாபாதின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் அவரை அழைத்தபோது, அவருடைய வடிவங்கள் அந்நிறுவனத்து மரப்பட்டறையிலேயே இந்தியத் தச்சர்களின் கையால் உருவாயின. 1990-இல் அவர் மறைந்தபின் நியூ ஹோப் பட்டறையை நடத்திவருபவர், மினிடோக்காவுக்குக் கைக்குழந்தையாகக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னாளில் கட்டடக்கலை பயின்ற மகள் மீரா. தந்தையின் வடிவங்களோடு தாமே வடிவமைத்தவற்றையும் அவர் அங்கே செய்வித்துவருகிறார்.