பல்லுக்குள் சிமெண்ட்

குபெர்டினோவின் மேற்கு மலையடிவாரத்தில் சைக்கிள் ஓட்டியிருந்தால் அந்தச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தைப் பார்த்திருப்பீர்கள். 1939இல் ஹென்றி கைசர் அங்கே தொடங்கிய பெர்மனென்டே ஆலை, ஷாஸ்டா அணைக்கு சிமெண்ட் கொடுத்தது. பெர்மனென்டே என்பது பக்கத்து ஓடையின் பெயர். உங்கள் வீட்டு இன்ஷூரன்ஸ் கார்டில்கூட அது இருக்கலாம். 2020இல் சூளை நின்றுவிட்டது. ஆனால் அதே வகை சிமெண்டின் நெருங்கிய உறவு ஒன்று இன்று சிறுவர்களின் பற்களுக்குள் இருக்கிறது.

நிரந்தர முன்பல் ஏழெட்டு வயதில் முளைக்கும். வேர் முழுதாக வளர இன்னும் மூன்று வருடமாவது ஆகும். அதற்குள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து பல் உடைந்து, உள்ளே இருக்கும் பல்கூழ் செத்துப்போனால், வேர் பாதியிலேயே நின்றுவிடும். சுவர் மெல்லியதாக இருக்கும், நுனி திறந்தே கிடக்கும். வழக்கமான ரூட் கெனால் அடைப்பு அதில் நிற்காது.

முதலில் கை கொடுத்தது சுண்ணாம்பு. ஆமாம், பாட்டி வெற்றிலையில் தடவும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். 1920இல் ஜெர்மனியின் ஹெர்மன் இதைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். மாதக்கணக்கில் உள்ளே வைத்தால் நுனியில் கெட்டியான தடுப்பு உருவாகும். சுவர் மட்டும் தடிக்காது. 2002இல் ஆண்ட்ரேசன் குழு ஆட்டுப் பற்களில் சோதித்தபோது, ஒரு வருடம் சுண்ணாம்போடு இருந்தால் பல்லின் பலம் ஏறக்குறைய பாதியாகும் என்று தெரிந்தது. காப்பாற்றிய பல் மறுபடி உடைகிறது!

அதற்குள் தெற்கு கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் தொராபினெஜாத் வேறு பொருளைக் கண்டுபிடித்திருந்தார். 1993இல் எம்டிஏ பற்றிய முதல் கட்டுரை வந்தது. முக்கால் பங்கு போர்ட்லண்ட் சிமெண்ட், எக்ஸ்ரேயில் தெரிவதற்காக பிஸ்மத் ஆக்சைடு, கொஞ்சம் ஜிப்சம். அவ்வளவுதான். (கடையில் வாங்கும் சிமெண்ட் மூட்டையோடு யாரும் பல் டாக்டரிடம் போக வேண்டாம்; இது சுத்திகரித்த தூள்.) இஞ்சினியர் கண்ணுக்கு இதன் அழகு வேறு: மற்ற அடைப்புப் பொருள்களுக்கு ஈரம் எதிரி, சிமெண்டுக்கோ இறுகுவதற்கே ஈரம் வேண்டும். வாய்க்குள் ஈரத்துக்கா பஞ்சம்?

இதை வைத்துத்தான் வேரை வளர விடும் சிகிச்சை வந்தது. 1961இலேயே நார்வேயின் நிகார்ட்-ஓஸ்ட்பி வேருக்குள் ரத்தக்கட்டியை விட்டுப் பார்த்திருந்தார். 2001இல் ஜப்பானின் இவாயாவும் 2004இல் பாங்க்ஸ், ட்ரோப் இருவரும் அதை உயிர்ப்பித்தார்கள். பாங்க்ஸ், ட்ரோப் முறையில் மூன்று ஆன்டிபயாட்டிக் கலந்த பசையால் கிருமியைக் கொன்று, சில வாரம் கழித்து வேண்டுமென்றே ரத்தம் கசியவைத்து, அதன்மேல் எம்டிஏ மூடி. கீழே வேரின் சுவர் தடிக்கலாம், நுனி மூடலாம்.

பசையிலிருந்த மினோசைக்ளின் முன்பல்லைக் கறுக்கவைத்தது. பிஸ்மத்தும் தன் பங்குக்குக் கறை ஏற்றியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதனால் பலர் மினோசைக்ளினை விட்டுவிட்டார்கள், சிர்கோனியம் கலந்த பயோடென்டின் போன்ற புதிய சிமெண்டுகளும் வந்தன. உள்ளே வளர்வது பெரும்பாலும் அசல் பல்கூழ் அல்ல, எலும்பையும் வேரின் மேல்பூச்சையும் போன்ற திசு. அசல் கூழையே வளர்க்கும் ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.