தலையில்லாமல் பிறந்த படம்

சித்தூரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் மாற்றுத்திறனாளிகள் வண்டி நிறுத்துவதற்கான நீலக் கட்டம் இருக்கிறது. முகூர்த்த நாளில் அதன்மேல் வரிசையாகப் பைக்குகள். குனிந்து பார்த்தால் சக்கர நாற்காலிப் படத்தின் சக்கரம் மட்டும் தெரியும். தலையை ஏதோ ஒரு டயர் மறைத்திருக்கும்.

பிறந்தபோதும் அந்தப் படத்துக்குத் தலை கிடையாது. 1968இல் ஸ்டாக்ஹோமில் நடந்த மாணவர் பட்டறையில் சூசன்னே கோஃபோட் என்ற டென்மார்க் மாணவி வரைந்தது வெறும் நாற்காலி, ஆள் இல்லை. அடுத்த வருடம் கார்ல் மொன்டான் என்பவர் உச்சியில் ஒரு வட்டத்தை வைத்தார். அவ்வளவுதான், நாற்காலியில் ஆள் உட்கார்ந்துவிட்டார். 1969இல் டப்ளினில் கூடிய மறுவாழ்வு மாநாடு அதை உலகப் பொதுச் சின்னமாக ஏற்றது.

படம் வந்தது. அதைக் காட்டி வண்டி நிறுத்த ஒரு சீட்டும் வேண்டுமே? அது பிரிட்டனில் பிறந்தது. முதல் உலகப் போரில் ஊனமுற்றுத் திரும்பிய ஒருவரின் மகன் ஆல்ஃப் மோரிஸ். நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாவுக்கான குலுக்கலில் அவர் பெயர் முதலில் வந்தது. அப்படி வந்த 1970ஆம் வருடச் சட்டத்தின்படி, 1971 கடைசியில் ஆரஞ்சு அட்டை புழக்கத்துக்கு வந்தது. 2000இலிருந்து அதன் நிறம் நீலம். எனக்குப் பிடித்தது அதில் ஒளிந்திருக்கும் யோசனை: அட்டை வண்டிக்கு இல்லை, மனிதருக்கு. அவர் மாமா காரில் போனாலும் வாடகைக் காரில் போனாலும் அட்டையும் கூடவே போகும்.

நம் ஊருக்கு வந்தது கட்டம் மட்டும். வாசலிலிருந்து 30 மீட்டருக்குள், குறைந்தது இரண்டு இடம், அகலம் 3.6 மீட்டர் என்று அரசு வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. இவ்வளவு அகலம் எதற்கு என்று கேட்பவர்கள், காரிலிருந்து ஒருவர் சக்கர நாற்காலிக்கு மாறுவதை ஒருமுறை பார்க்க வேண்டும். கதவு முழுக்கத் திறக்க வேண்டும். நாற்காலி பக்கத்தில் ஒட்டி நிற்க வேண்டும். கையூன்றி உடம்பை நகர்த்த இடம் வேண்டும். அந்தக் கூடுதல் ஒரு மீட்டர்தான் பைக் ஓட்டுபவர் கண்ணுக்குக் காலி இடமாகத் தெரிகிறது.

நாடு முழுக்கச் செல்லும் பார்க்கிங் அட்டை இங்கே இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூடிஐடி கார்டு உண்டு. அது சட்டைப்பையில் இருக்கும், கண்ணாடியில் ஒட்டுவதற்கில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், நம்மவர்களில் எத்தனையோ பேர் வருவது காரில் அல்ல, பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் மாட்டிய ஸ்கூட்டரில். ஊனமுற்றோருக்குச் சிகிச்சை தரும் திருப்பதி பேர்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றாலே அந்த வண்டிகளைப் பார்க்கலாம். பைக் வரிசையில் அது நுழையாது. நீலக் கட்டத்துக்குக் கொண்டுபோனால் மண்டபத்து வாட்ச்மேன் கை காட்டுகிறார்: “இதி கார்லகே.” இது கார்களுக்குத்தானாம்.

ஒரு முகூர்த்த நாளில் அப்படியொரு ஸ்கூட்டரில் வந்த அண்ணன், இதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. மண்டபத்துக்கு எதிரே, வெற்றிலைக் கடை ஓரமாக வண்டியை நிறுத்தினார். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, சாலையில் லாரி போகும்வரை நின்றார்.