ஒரே நாளில் இரு மனுக்கள்

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். தம் தாய்க்கும் தமையனுக்கும் ஒரே நாளில் குடியேற்ற விசா மனு அளித்தார். தாய் இரண்டு ஆண்டுகளுக்குள் சென்று சேர்ந்தார். தமையனோ பதினைந்து ஆண்டுகள் கடந்தும் காத்திருக்கிறார். "ஐயா, அலுவலர் சோம்பல்தானோ இது?" என்று அவர் என்னை வினவினார். சோம்பல் அன்று, சட்டமே காரணம். அதன் வரலாற்றை மாணவர்கள் அறிதல் நலம்.

1917ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர் உள்ளிட்ட ஆசிய மக்கள் பலர்க்கு அமெரிக்காவின் கதவை அடைத்தது. 1946இல் அது சிறிதே திறந்தது. ஆண்டுக்கு 100 இந்தியர் குடியேறலாம் என்றாயிற்று. 1965ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்த நாட்டை வைத்து வகுத்த பழைய ஒதுக்கீட்டை அகற்றி, உறவுக்கும் தொழில் திறனுக்கும் முதன்மை தந்தது.

குடிமக்களின் வாழ்க்கைத் துணைவர், மணமாகாத 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆதலின் மனுவை ஆராயும் காலமே அவர்கள் காத்திருக்கும் காலம். உடன்பிறந்தாருக்கோ வரம்பு உண்டு. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி உலகம் முழுமைக்கும் ஆண்டுக்குச் சுமார் 65,000 இடங்களே. வரம்புடைய விசாக்களில் ஒரு நாட்டினர் பொதுவாக நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் பெறவும் இயலாது. சிறு நாட்டுக்கும் பெருநாட்டுக்கும் அளவு ஒன்றே. எனவே இந்தியர் வரிசை நீள்கிறது.

அத்தமையனின் மகளுக்கு இப்போது 20 வயது. 21 நிறைந்தபின் தந்தையோடு செல்லும் உரிமையை அவள் இழக்கவும் கூடும். சட்டத்தில் எழுதிய ஓர் எண் ஓர் இல்லத்தைப் பிரிக்க வல்லது என்பதை வரலாறு கற்போர் மறத்தலாகாது.