ஆர்பத்நாட் கொடுத்த மஞ்சள் கடுதாசி

கடன் என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் கடமை என்பதே முதன்மைப் பொருள். வாங்கிய பொருளைத் திருப்பித் தருதல் அக்கடமைகளுள் ஒன்று. அதைச் செய்ய இயலாதவன் நீதிமன்றத்தில் கையை விரிப்பதை நம்மவர் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தல்’ என்றனர். கொஞ்சம் படித்தவர் ‘ஐ.பி. போட்டுவிட்டான்’ என்பர். இரண்டிலும் இழிவு தொனிக்கும். 1906இல் சென்னையில் இந்தக் கடுதாசியைக் கொடுத்தவர் சாமானியர் அல்லர். சர் பட்டம் பெற்ற வெள்ளைக்காரர்.

பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்னும் மூன்று வணிக நிறுவனங்களும் சென்னையின் தூண்களாகக் கருதப்பட்ட காலம். ஆர்பத்நாட் கம்பெனி வங்கித் தொழிலும் நடத்தியது. ஓய்வூதியக்காரர், அரசு ஊழியர், சிறு சேமிப்பாளர் எனப் பல ஆயிரம் பேர் அதில் பணம் போட்டிருந்தனர். 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை, அது கதவை மூடியது. லண்டனில் அதனோடு பிணைந்திருந்த மக்ஃபாடியன் கம்பெனி ஊக வணிகத்தில் முழுகிப்போயிருந்தது. அதன் தலைவர் பேட்ரிக் மக்ஃபாடியன் ரயில்முன் பாய்ந்து உயிர்விட்டார்.

ஆர்பத்நாட் வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய கம்பெனியன்று, கூட்டாளிகளின் நிறுவனம். அத்தகைய நிறுவனம் நொடித்தால் அதன் கடன் கூட்டாளியின் சொந்த வீடுவரை துரத்தும். ஆனால் துரத்துபவர் கடன் கொடுத்தவர் அல்லர். ஒருவர் திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்ததும் அவருடைய சொத்து சட்டத்தின் விசையாலேயே ‘அஃபிஷியல் அசைனி’ என்னும் அதிகாரியின் வசமாகிவிடும். கிரயப் பத்திரம் வேண்டியதில்லை, பதிவும் வேண்டியதில்லை. உடைமை என்பது கையில் இருப்பதன்று, சட்டம் ஒப்புக்கொள்ளும் உரிமையே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. நேற்றுவரை உரிமையாளராக இருந்தவர் அதே நாற்காலியில்தான் அமர்ந்திருப்பார், நாற்காலி அவருடையதன்று.

அச்சொத்தை விற்றுவரும் தொகையை எல்லோரும் விகிதப்படி பகிரவேண்டும். ஆயினும் அடமானம் வாங்கியவர் இவ்வரிசையில் நிற்பதில்லை. அவருக்குத் தனியே ஈடு இருக்கிறது. வங்கியில் பணம் போட்டவருக்கோ ஈடென்று எதுவுமில்லை. அவர் ‘என் பணம்’ என்று நினைத்தது சட்டத்தின் கண்ணில் வங்கியின் பணம். அவருக்கு எஞ்சியது கேட்கும் உரிமை மட்டுமே. ஆர்பத்நாட்டின் வாசலில் கூடியவர்கள் அன்று கற்றுக்கொண்டது இதைத்தான். பாடத்தின் விலை ஆயுள்காலச் சேமிப்பு.

கடன் கொடுத்தவர்களுக்காக வாதாடியவர் வழக்குரைஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அன்றைய சென்னையில் ஓர் ஆங்கிலப் பெருவணிகர் சிறை சென்றது சிறிய செய்தியன்று. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி திறக்கப்பட்டது.

அதுவரை நடப்பிலிருந்தது 1848ஆம் ஆண்டுத் திவால் சட்டம். அதனிடத்தில் 1909இல் மாகாணத் தலைநகரங்களுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. பிற ஊர்களுக்கான சட்டம் 1907இல் இயற்றப்பட்டு, 1920இல் புதுவடிவம் பெற்றது. ஆகவே சென்னை நகரில் நொடித்தவர் உயர்நீதிமன்றத்துக்குச் செல்வார். எங்கள் வண்டலூரில் நொடித்தவரோ மாவட்ட நீதிமன்றத்தின் அதிகார எல்லைக்குள் வருவார். அவருடைய சொத்தைக் கவனிப்பவர் ‘ரிசீவர்’. மின்சார ரயிலில் சிறிது நேரப் பயணத்தில் கடனாளியின் சட்டம் மாறிவிடுகிறது!

2016இன் திவால் தீர்வுச் சட்டம் நிறுவனங்களுக்குப் பெரிய மாற்றம். தனிமனிதர்களுள், நிறுவனக் கடனுக்குச் சொந்தப் பிணை கொடுத்தவர்களுக்கே 2019 டிசம்பர் முதல் அது பொருந்துகிறது. மற்றவர்களுக்கு இன்னும் அந்தப் பழைய சட்டங்களே. 1909ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்கருவி, உடை, படுக்கை, சமையற்பாத்திரம் ஆகியவற்றைக் கடனாளிக்கே விட்டுவைக்கிறது; மொத்த மதிப்பு முந்நூறு ரூபாயைத் தாண்டலாகாது. முந்நூறு ரூபாய்க்கு இன்று ஒரு நல்ல குக்கர்கூட வராது.